எத்தனை காலுறை?

கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். 16 வயதுப் பெண், மாவட்டப் போட்டிகளில் 400 மீட்டர் ஓடுபவள். மூன்றாம் அத்தியாயத்தில் பேருந்து விபத்து. ஐந்தாம் அத்தியாயத்தில் கண் விழிக்கிறாள், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. ஆறில் அழுகிறாள், ஏழில் பயிற்சியாளர் வந்து தேற்றுகிறார், எட்டில் ஓடுவதற்கான செயற்கைக் காலாக வளைந்த கார்பன் பிளேடு வந்து இறங்குகிறது, பத்தில் ஓடி ஜெயிக்கிறாள். விளையாட்டுப் பிள்ளையின் உடல் முடங்கும் கதையை இளையோருக்கு எழுதும்போது எந்த மொழியிலும் இந்த எலும்புக்கூடு வந்து நிற்கிறது. ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் இருக்கும் வெற்றுத்தாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்தத் தாளுக்குள் ஏறக்குறைய ஓராண்டு கிடக்கிறது. நாவலும் அங்கேதான் கிடக்கிறது.

தமிழில் பதின்வயதினருக்கான நாவல் இப்போதுதான் மெல்லத் தளிர்க்கிறது. இப்படி ஒரு கதையை யாரேனும் எழுத உட்கார்ந்தால், முதல் வரிக்கு முன்பே நான்கு விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும்: எந்தக் கால், எந்த உயரத்தில், எந்த வயதில், எந்த ஓட்டம். இவற்றைச் சும்மா தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு வரும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் இடறும்.

உயரத்திலிருந்து தொடங்கலாம். முழங்கால் மிஞ்சியதா இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும் பிரிக்கும் கோடு. முழங்காலுக்குக் கீழே கால் போனவர், செயற்கைக் காலில் அதே வேகத்தில் நடக்க முன்பைவிடச் சுமார் கால் பங்கு கூடுதல் சக்தி செலவழிக்கிறார். முழங்காலும் போய்விட்டால் அந்தப் பாரம் இன்னும் கூடும். இயந்திர முழங்கால் ஒன்றை நம்பி ஒவ்வோர் அடியும் வைக்க வேண்டும். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். 1980இல் அவர் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அந்தப் பழைய படங்களைப் பார்த்தால் அவர் ஓட்டம் விசித்திரமாக இருக்கும். நல்ல காலில் ஓர் அடி வைத்து, அதே காலில் இன்னொரு துள்ளல் துள்ளி, அதற்குள் செயற்கைக் கால் முன்னால் வந்து சேரக் காத்திருந்து, அதன்மேல் ஏறுவார். அன்றைய இயந்திர முழங்கால் வேகமாக மடங்கி நீளாது என்பதே காரணம். உங்கள் பாத்திரத்துக்கு முழங்கால் உண்டா என்பதைப் பொறுத்து அவள் ஓடும் தாளமே மாறிவிடும். இனிச் சொல்வதெல்லாம் முழங்கால் தப்பிய பெண்ணை வைத்து.

வயதுக்கு வருவோம். 16 என்பது பெண்ணுக்கு நல்ல தேர்வு, எலும்பு வளர்ச்சி கிட்டத்தட்ட முடிந்திருக்கும். அதே கதையை 11 வயதுப் பெண்ணுக்கு எழுதினால் வேறொரு துன்பத்தையும் சேர்த்து எழுத வேண்டும். வளரும் குழந்தையின் எலும்பை நடுவில் வெட்டினால், வெட்டுமுனையில் எலும்பு மறுபடி கூராக வளர்ந்து தோலைக் குத்தி வெளியே வரப் பார்க்கும். மீண்டும் அறுவை, மீண்டும் காத்திருப்பு. இதனால்தான் சிறு பிள்ளைகளுக்கு முடிந்தவரை மூட்டோடு பிரித்தெடுக்க மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

அறுவையையே விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டு பிரிக்கும் நாளில் அவள் என்ன பார்க்கிறாள் என்று எழுதியாக வேண்டும். 'பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்' என்று கடந்துபோவது எழுத்தாளர் தப்பித்துக்கொள்ளும் வழி. பரவலான முறையில் கெண்டைக்கால் தசையை நீளமாக விட்டு, அதைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து எலும்பு முனைக்கு மெத்தைபோல மூடித் தைப்பார்கள். ஆகவே தையல் கோடு முனையின் முன்பக்கமாக ஓடும். முன்னெலும்பின் விளிம்பை அராவி மழுக்கியிருப்பார்கள். பக்கத்து மெல்லிய எலும்பை அதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவாக வெட்டியிருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளவில் எஞ்சியிருக்கும் இந்தப் பகுதியை மருத்துவமனையில் எல்லாரும் 'ஸ்டம்ப்' என்றே சொல்கிறார்கள். பெண்ணுக்கு அந்தச் சொல் பிடிக்காமல் போகலாம். பெயர் வைக்க அவளுக்கு உரிமை உண்டு. அதற்கென்று அவள் ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பது நல்ல அத்தியாயமாகும்.

முதல் வாரத்தில் நடக்கும் தவறு ஒன்று நாவலாசிரியருக்குக் கிடைத்த கொடை. அம்மா அன்போடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பாள். வலி குறையும், பெண் தூங்குவாள். அந்தத் தலையணைதான் கெடுதல். முழங்கால் மடங்கியே கிடந்தால் பின்தசை நார்கள் சுருங்கி, பிறகு மூட்டு முழுக்க நீளாது. மடங்கி இறுகிய முழங்காலுக்குச் செயற்கைக் காலை நேராகப் பொருத்த முடியாது, ஓட்டம் கனவிலும் வராது. இடுப்பு மூட்டும் அப்படியே. அதற்காக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் போல, குப்புறப் படுக்கச் சொல்வார்கள். காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்து தலையணையை உருவி எடுக்கிறார். அம்மா மறுபடி வைக்கிறாள். வில்லனே இல்லாத இந்தச் சண்டை, பயிற்சியாளரின் வீர உரையைவிடப் பல மடங்கு உண்மையானது.

இரண்டாவது ஆபத்து இரவில். தூக்கக் கலக்கத்தில் கழிவறைக்குப் போக எழுபவள், கால் இருக்கிறது என்ற பழக்கத்தில் அதை ஊன்றி இறங்கிவிடுவாள். நேரே தையல் போட்ட முனை தரையில் மோதும். காயம் பிளந்தால் இன்னும் பல வாரங்கள் போச்சு. கட்டிலின் அந்தப் பக்கம் ஊன்றுகோலைச் சாய்த்து வைப்பதும் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுவதும் இதற்காகத்தான். மறதி என்று இதைச் சொல்ல முடியாது. மூளையைப் பொறுத்தவரை கால் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இல்லாத கால் இருப்பதாக உணர்வதை 1871இல் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிச்செல் 'பேய் உறுப்பு' என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். கால் இழந்தவர்களில் மிகப் பலருக்கு இது உண்டு. எழுதும்போது இரண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெறும் உணர்வு ஒன்று: கட்டை விரல் அரிக்கிறது, சாக்ஸ் ஈரமாக இருக்கிறது, ஆனால் சொறிய இடமில்லை. வலி இன்னொன்று: விரல்கள் உள்பக்கம் மடங்கி இறுகி, பிரிக்கவே முடியாமல் கிடப்பது போன்ற வேதனை, மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு. இதில் நமக்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன்தான் 1990களில் கலிஃபோர்னியாவில் இதற்குக் கண்ணாடி முறையைக் கொண்டுவந்தார். நீளக் கண்ணாடி ஒன்றை இரண்டு தொடைகளுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, நல்ல காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி உட்கார வேண்டும். பிறகு நல்ல பாதத்தை மெதுவாக மடக்கி விரிக்க வேண்டும், பார்வை பிம்பத்தின் மேலேயே இருக்க வேண்டும். தினமும் கால் மணி நேரம். இறுகிக் கிடந்த விரல்கள் 'பிரிவது' சிலருக்கு நடக்கும், சிலருக்கு நடக்காது. பீரோவின் கதவுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டுவந்து அப்பா தரையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதிப் பாருங்கள்.

தையல் பிரிக்க இரண்டு மூன்று வாரம். அதன்பின் வேலை வீக்கத்தை வடித்து ஸ்டம்பைக் கூம்பு வடிவத்துக்குக் கொண்டுவருவது. எலாஸ்டிக் துணிக்கட்டை எட்டு வடிவத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. வளையம் வளையமாகச் சுற்றினால் கயிறு கட்டியது போலாகி நுனி பல்பு மாதிரி உப்பிவிடும். கட்டு தளரும், ஆகவே ஒரு நாளில் பல முறை பிரித்துக் கட்ட வேண்டும். அம்மாவுக்குச் சரியாக வராது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்துவிடும், கடைசியில் பெண்ணே கற்றுக்கொள்வாள். தன் உடம்பைத் தொட அவள் முதலில் பழகுவது இந்தக் கட்டின் வழியாகத்தான்.

காயம் சுத்தமாக ஆறியிருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் அளவெடுப்பார்கள். செயற்கைக் கால் செய்யும் நிபுணர் ஸ்டம்பின் மேல் மெல்லிய உறை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களை மை பென்சிலால் குறிப்பார்: முழங்கால் சில்லு, அதற்குக் கீழுள்ள தசைநாண், பக்கவாட்டில் மெல்லிய எலும்பின் உச்சி, முன்னெலும்பின் கூர்விளிம்பு. மேலே ஈரமான பிளாஸ்டர் துணி சுற்றிக் காய்ந்ததும் கழற்றினால் மை உள்பக்கம் ஒட்டியிருக்கும். அதில் மாவு ஊற்றி எடுத்த அச்சில்தான் நிபுணரின் கை பேசும். பாரம் தாங்கக்கூடிய தசைநாண் இருக்குமிடத்தில் அச்சைச் செதுக்கிக் குறைப்பார், அங்கே சாக்கெட், அதாவது ஸ்டம்ப் நுழைந்து உட்காரும் கிண்ணம், அழுத்தும். தாங்காத எலும்பு உச்சியிலும் கூர்விளிம்பிலும் மாவு சேர்த்து உயர்த்துவார், அங்கே சாக்கெட் விலகி நிற்கும். பிறகு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு சோதனைச் சாக்கெட். பெண்ணை அதில் நிற்கவைத்து வெளியிலிருந்து பார்த்தால் அதிகம் அழுத்தும் இடத்தில் தோல் வெளுத்துத் தெரியும். இன்று பல இடங்களில் ஸ்கேனர் வந்துவிட்டது. கதைக்கு மை பென்சிலே நல்லது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். முதல் சாக்கெட் செய்து முடிக்கும் அன்றே அது பழசாகத் தொடங்குகிறது. ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே போகும், பெருமளவு அடங்கவே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். அது மட்டுமில்லை, ஒரே நாளில் காலையில் ஓர் அளவு, நடந்து முடித்த மாலையில் வேறோர் அளவு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஸ்டம்பின் மேல் போடும் காலுறைகள். ஒரு பிளை, மூன்று பிளை, ஐந்து பிளை என்று தடிமன் வாரியாகக் கிடைக்கும். பள்ளிப் பையில் ஜியோமெட்ரி பாக்ஸ் போல இவையும் ஒரு பையில் போகும்.

உறை குறைந்தால் ஸ்டம்ப் உள்ளே ஆழமாக இறங்கிவிடும். சில்லு முன்விளிம்பில் இடிக்கும், நுனி அடியில் மோதும், கால் குட்டையானது போல நடை சாயும். கூடினால் முழுதாக இறங்காது. நுனி எதையும் தொடாமல் தொங்கும், அங்கே ரத்தம் தேங்கித் தோல் கருஞ்சிவப்பாகி, நாளடைவில் கெட்டியாகிச் சொரசொரக்கும். ஆகவே, முகாமுக்கு வரும் பெண்ணிடம் நிபுணர் கேட்கும் முதல் கேள்வி இப்படித்தான் இருக்கும்:

"இன்னிக்கு எத்தனை போட்டிருக்க, பாப்பா?"

"ரெண்டுண்ணா. ஒண்ணு மூணு பிளை, ஒண்ணு ஒரு பிளை."

"காலையிலயா, இப்பவா?"

"காலையில ஒண்ணுதான். இன்டர்வெல்ல இன்னொண்ணு சேத்தேன்."

இந்த நான்கு வரியில் அவள் தன் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்பது தெரிந்துவிடும். போடும் உறைகள் மொத்தம் பத்துப் பன்னிரண்டு பிளையைத் தாண்டினால் சாக்கெட்டின் வடிவமே பொருந்தவில்லை என்று பொருள், புதிதாக அளவெடுக்க வேண்டும். அதாவது முதலாண்டிலேயே இரண்டாவது சாக்கெட். குடும்பத்தின் கையிருப்பு, கடன், அரசு உதவிக்கான வரிசை எல்லாம் கதைக்குள் நுழைவதும் இங்கேதான்.

அணியும் நேரத்தையும் துல்லியமாக எழுதலாம். முதல் நாளில் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ. கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு இருக்கும். 10, 15 நிமிடத்தில் அது மறைந்தால் சரி. மறையாமல் நின்றால் அந்த இடம் புண்ணாகப் போகிறது, அன்று மறுபடி மாட்டக் கூடாது. நுனிக்குப் பின்புறம் தெரியாது, கைக்கண்ணாடி வேண்டும். பரீட்சை நாளில் சிவப்பு மறையவில்லை, மாட்டிக்கொண்டு போவதா ஊன்றுகோலோடு போவதா என்ற முடிவு ஒரு முழு அத்தியாயத்தைத் தாங்கும்.

லைனர், அதாவது ஸ்டம்பின் தோலோடு ஒட்டி நிற்கும் ஜெல் அல்லது சிலிக்கான் உறை, அணிபவளாக இருந்தால் முறை வேறு. லைனரை உள்வெளியாகப் புரட்டி, அதன் அடியை ஸ்டம்பின் நுனியில் காற்றுப் புகாமல் ஒட்டி, மேலே உருட்டிக்கொண்டு போக வேண்டும். அடியில் ஒரு பல்முனைக் கம்பி இருக்கும், அது சாக்கெட்டின் பூட்டில் 'டக், டக், டக்' என்று இறங்கும். வழக்கமாக எத்தனை டக் என்பது அவளுக்கு மனப்பாடம். இரண்டு குறைந்தால் உறை கூடிவிட்டது, இரண்டு கூடினால் உறை போதவில்லை. கம்பி கோணலாகப் போனால் பூட்டில் சிக்கிக் கழற்றவே வராது.

வெயில் இங்கே ஒரு பாத்திரம். லைனருக்குள் காற்றோட்டம் கிடையாது. மே மாதத்தில் அரை மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு கழற்றிக் கவிழ்த்தால் வியர்வை ஊற்றும். வியர்வை சேர்ந்தால் ஸ்டம்ப் உள்ளே மேலும் கீழும் வழுக்கும். வழுக்கினால் உராய்வு, உராய்ந்தால் கொப்புளம், மயிர்க்கால்களில் சீழ்க்கட்டி. இடையில் நிறுத்தி, உட்கார்ந்து, கழற்றி, துடைத்து, காயவிட்டு, மறுபடி மாட்ட வேண்டும். தினமும் இரவில் மென்சோப்பில் கழுவி நிழலில் காயப்போட வேண்டும். இன்னொன்று, வளரிளம் பெண்ணின் மனசுக்கு இதுதான் மிகப் பெரியது: சாக்கெட்டுக்குள் காற்று சிக்கிக்கொண்டால் அடி வைக்கும்போது ஒரு சத்தம் வரும். அமைதியான வகுப்பறையில் அது என்ன சத்தமாகக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உறையைச் சரிசெய்தால் நின்றுவிடும். ஆனால் அதற்குக் கழிவறைக்குப் போக வேண்டும், அதற்கு எழுந்து நடக்க வேண்டும், நடந்தால் சத்தம் வரும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. மேல்நாட்டுக் கதைகளில் இதைப் பார்க்க முடியாது. செயற்கைப் பாதத்தின் கோணத்தை அவள் போடும் ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்ப அமைக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது நம் பழக்கம். ஷூவுக்கென்று அமைத்த காலோடு வெறும் தரையில் நின்றால் குதிகால் தாழ்ந்து, உடம்பு பின்னால் சாய்ந்து, முழங்கால் பின்பக்கமாக வளையப் பார்க்கும். தோழியின் வீட்டு வாசலில் நின்று 'ஷூ போட்டுக்கிட்டே வரலாமாத்தை?' என்று கேட்க வேண்டியிருக்கிறது. கோயில் வாசலில் இதே கேள்வியை யாரிடம் கேட்பது?

ஜெய்ப்பூர் கால் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான். 1968இல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கினார்கள். ரப்பரை வார்த்துச் செய்த பாதம். ஷூ இல்லாமல் நடக்கலாம், குந்தலாம், சம்மணமிடலாம், சேற்று வயலில் இறங்கலாம். 1981இல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் வலது காலை இழந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் மேடைக்குத் திரும்பியது ஜெய்ப்பூர் காலோடுதான். பதின்வயதுப் பெண், உடம்பையே கருவியாகக் கொண்ட கலை, தமிழ்நாட்டுச் சாலை என்று நம் கதைக்கு மிக அருகில் உள்ள உண்மை வாழ்க்கை அது. ஆனால் 400 மீட்டர் போட்டிக்கு ஜெய்ப்பூர் கால் பொருந்தாது. அன்றாடத்துக்கு ஒரு கால், ஓட ஒரு கால் என்று இரண்டு வேண்டும்.

ஓடும் பிளேடின் கதையும் ஓர் இளைஞனிடமிருந்து வருகிறது. அமெரிக்கர் வான் ஃபிலிப்ஸ் 1976இல், 21 வயதில், தண்ணீர்ச் சறுக்கு விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். கொடுத்த செயற்கைக் கால் பிடிக்காமல், தானே செயற்கை உறுப்பு வடிவமைக்கப் படித்து, கார்பன் இழையில் வளைந்த பாதத்தைச் செய்தார். பிளேடைப் பற்றிப் பரவலாக ஒரு தவறு எழுதப்படுகிறது, அது ஏதோ மோட்டார் போல உந்தித் தள்ளும் என்று. அப்படி இல்லை. அவள் எடையால் அழுந்தும்போது வாங்கிக்கொண்டதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும், அவ்வளவே. கணுக்கால் தசை தானாக உண்டாக்கும் சக்தி அதற்கு இல்லை. ஆகவே நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது பிளேடில் திருப்பித் தர எதுவுமே இருக்காது. ஸ்டார்டிங் பிளாக்கிலிருந்து முதல் சில அடிகளில் அவள் பின்தங்குவாள், வேகம் பிடித்தபின் சேர்த்துக்கொள்வாள். ஓட்டக் காட்சியை இந்த வரிசையில்தான் எழுத வேண்டும், தலைகீழாக எழுதினால் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

பிளேடுக்குக் குதிகால் கிடையாது. அதில் அசையாமல் நிற்க முடியாது, துள்ளிக்கொண்டோ நல்ல காலில் சாய்ந்துகொண்டோதான் நிற்க வேண்டும். பரிசு மேடையில் பிளேடோடு சிலை போல நின்றாள் என்று எழுதக் கூடாது. ஓடும்போது அழுந்திக் குறையும் என்பதால் பிளேடு பக்கத்தைச் சில சென்டிமீட்டர் நீளமாகவே அமைப்பார்கள், எனவே முதன்முதலில் மாட்டியதும் ஒரு பக்கம் உயர்ந்துவிட்டது போலிருக்கும். உடல் எடைக்கு ஏற்ப விறைப்பின் தரம் மாறும். மெலிந்திருந்த காலத்தில் வாங்கிய பிளேடு எடை கூடிய பிறகு அதிகமாக வளையும். ஜே வடிவப் பிளேடு குறுந்தூரத்துக்கு, சி வடிவம் பெரும்பாலும் நெடுந்தூரத்துக்கு. அடியில் ஷூ கிடையாது, ஸ்பைக் பதித்த தகட்டை ஒட்டிக்கொள்வார்கள். இறக்குமதிப் பிளேடும் அதற்கான தனிச் சாக்கெட்டும் லட்சக் கணக்கில் போகும்.

எந்தக் கால் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பாதையில் எல்லாரும் இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள், வளைவில் உள்பக்கம் இருப்பது இடது கால். ஒற்றைக் காலில் பிளேடு அணிந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், பிளேடு உள்பக்கம் இருக்கும்போது வளைவில் வேகம் சுமார் 4 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. 400 மீட்டரில் இரண்டு வளைவு. இடது காலை இழந்தவளுக்கு வளைவுகளில் நஷ்டம், நேர்ப்பாதையில் மீட்பு. வலது காலை இழந்தவளுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரு வரியை மாற்றினால் ஓட்டத்தின் நாடகமே மாறுகிறது.

எந்த ஓட்டம் என்பதும் அப்படித்தான். பாரா தடகளத்தில், ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் காலோடு ஓடுபவர்களின் பிரிவு டி64. முழங்காலுக்கு மேலே என்றால் டி63. செயற்கைக் கால் இல்லாமல் கால் குறைபாட்டோடு போட்டியிடுபவர்களுக்கு டி42 முதல் டி44 வரை. இப்போதைய பிரிப்பு 2018இல் வந்தது. டோக்கியோ, பாரிஸ் பாராலிம்பிக்கில் டி64 பெண்களுக்கு 100, 200 மீட்டர் இருந்தன, 400 இல்லை. உங்கள் நாயகி உயிராய் நேசித்த ஓட்டம், அவளுடைய பிரிவில் உலகின் உச்ச மேடையில் இல்லவே இல்லை. காலை இழந்தவளுக்கு இது இரண்டாவது இழப்பு. இதை எழுதிய கதை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

பிரான்ஸின் மரி அமெலி லெ ஃபூர் இதை நினைக்கும்போது வந்து நிற்கிறார். சிறு வயதிலிருந்தே தடகளம், 2004இல் 15 வயதில் ஸ்கூட்டர் விபத்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. 2012 லண்டனில் 100 மீட்டர் தங்கம். 2016 ரியோவில் 400 மீட்டர் தங்கம், நீளம் தாண்டுதலிலும் தங்கம். அந்த 400 மீட்டரை அவர் ஓடிய நேரம் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கவனியுங்கள், உலகின் முதலிடத்தில் உள்ளவரே பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் எட்டிய நேரம் அது. நன்றாக ஓடும் பள்ளி மாணவிகளும் அந்த நேரத்தை ஒட்டியே ஓடுகிறார்கள். ஆகவே விபத்து நடந்து எட்டு மாதத்தில் மாவட்டப் போட்டியில் இரு கால் உள்ளவர்களை முந்தி நாயகி ஜெயிக்கிறாள் என்று எழுதினால், அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் பெண்களின் உழைப்பையும் சிறுமைப்படுத்துகிறது. அவள் தன்னுடைய பழைய 100 மீட்டர் நேரத்தைவிட மூன்று விநாடி பின்னால் வந்து முடிக்கலாம். அந்த மூன்று விநாடி வாசகரை அழவைக்கும்.

நம் ஊரில் எல்லாரும் அறிந்த பெயர் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர், ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டரில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அவர் கால் எடுக்கப்படவில்லை, வளர்ச்சி குன்றிய காலோடுதான் தாண்டுகிறார். அவரை முன்மாதிரியாக வைத்துப் பிளேடு அணிந்த பெண்ணைப் படைத்தால் இரண்டு வேறு உடல்களைக் குழப்பிவிடுவோம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம், எட்டு ஆண்டு. அந்தத் தொடர்ச்சியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

துணைப் பாத்திரங்களில் ஒரு பொறி இருக்கிறது. நாயகிக்குப் பாடம் சொல்ல ஒரு தோழி வருவாள், பெரும்பாலும் சக்கர நாற்காலியில், பெரும்பாலும் பெருமூளை வாதம் உள்ளவள். நாயகி அவளைத் தள்ளிக்கொண்டு ஓடுவாள், தோழி புன்னகைப்பாள். அந்தத் தோழிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பெருமூளை வாதத்தில் பேச்சு இழுபட்டாலும் அறிவு முழுதாக இருப்பவர்கள் ஏராளம். அவள் பேசி முடிக்கும் வரை காத்திருக்கும் பொறுமை உரையாடலில் தெரிய வேண்டும், வாக்கியத்தை மற்றவர்கள் முடித்துவைக்கக் கூடாது. நாற்காலியைத் தொடும் முன் கேட்க வேண்டும். அவளுக்கும் ஒரு விளையாட்டைக் கொடுங்கள். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் போச்சா இருக்கிறது: வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தன் தோல் பந்தை நிறுத்துபவர் ஜெயிக்கும் ஆட்டம், கடுமையான பெருமூளை வாதம் உள்ளவர்களும் ஆடுவது. அவளுடைய போட்டிக்கு நாயகி போய் உட்கார்ந்து கைதட்டட்டும், ஒரு முறையாவது.

சுற்றியிருப்பவர்களின் பேச்சை மென்மையாக்க வேண்டாம். 'நல்லா ஓடுமே அந்தப் பொண்ணு, பாவம்' என்பார்கள். 'இனிமே யாரு கட்டிக்குவா' என்பார்கள், அவள் காதுபடவே. மாற்றுத்திறனாளி என்ற சொல் அரசு ஆவணங்களில் வந்துவிட்டது, தெருவில் இன்னும் வேறு சொற்கள்தான். 40 சதவீதம் என்று சான்றிதழுக்கு ஓர் எல்லை உண்டு, அவள் அதைத் தாராளமாகத் தாண்டுவாள். தன்னைச் சதவீதமாக அச்சிட்டுப் பார்க்கும் அந்த நாளை எழுதலாம். ஒற்றைக் கொலுசு மிச்சமிருக்கும் காட்சியை மட்டும் எழுத வேண்டாம். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

காலக்கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். தையல் பிரிப்பு மூன்றாவது வாரம். அளவெடுப்பு இரண்டாவது மாதம். செயற்கைக் காலில் பிடிமானமில்லாமல் நடப்பது நான்காவது மாதம் வாக்கில். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளாமலே ஏறி இறங்குவது அதற்கும் பிறகு. இரண்டாவது சாக்கெட் ஆறு முதல் பத்தாவது மாதத்துக்குள். ஸ்டம்ப் அளவு ஓரளவு நிலைத்தபின்தான் பிளேடு. முதன்முதலில் மாட்டிக்கொண்டு ஓடும் 30 மீட்டரில் அவள் நல்ல காலிலேயே அதிக நேரம் நிற்பாள், பிளேடு பக்கம் பயந்து பயந்து தொட்டுவிட்டு எடுப்பாள், அன்றிரவு இடுப்பும் முதுகும் வலிக்கும். லெ ஃபூர் போன்ற சிலருக்கு எல்லாம் விரைவாக நடக்கும், பலருக்கு இதைவிடத் தாமதமாகும். போட்டி என்று ஒன்று வருமானால் அது இரண்டாவது ஆண்டின் ஏதோ ஒரு வெயில் நாளில். ஓடி முடித்தவள் பிளேடோடு நிற்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு போய்ப் புல்லில் உட்காருவாள். கழற்றி, லைனரைக் கவிழ்த்து வியர்வையை வடிப்பாள். தோலைத் திருப்பிப் பார்த்து, சிவப்பு மறைகிறதா என்று 10 நிமிடம் காத்திருப்பாள்.